கடம், உடுக்கை, ஹேண்ட்பேன்: கைத்தாளக் கருவிகளும் ஒலிவழி ஆற்றுதலும்

முன்னுரை

எஃகுத் தகட்டாலான இரண்டு கவிகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, மேற்பரப்பில் எட்டு அல்லது ஒன்பது சுரத் தளங்களைச் சுத்தியலால் தட்டி அமைத்து, மடியில் வைத்து விரல்களால் வாசிக்கும் ஹேண்ட்பேன் என்னும் கருவி, ‘சவுண்ட் ஹீலிங்’ என்று வழங்கும் ஒலிவழி ஆற்றுதலின் அடையாளங்களுள் ஒன்றாக இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. கருவியின் ஓசையே உடலுக்குள் புகுந்து நோயை நீக்குகிறது என்பது அதனைப் பரப்புவோர் பலர் முன்வைக்கும் கூற்று. மேலைநாட்டு வரவாகத் தோன்றும் இக்கருவியின் பிறப்பில் தமிழகக் கடத்துக்குப் பங்குண்டு. கையால் முழக்கும் கருவியை நோயோடு தொடர்புபடுத்தும் வழக்கமும் தமிழர்க்குப் புதிதன்று. சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில், திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலை நடுவாகக் கொண்ட அம்மன் வழிபாட்டில் பம்பையும் உடுக்கையும் இன்றும் முழங்குகின்றன. இவ்விரு மரபுகளையும் அண்மைக்கால மருத்துவ ஆய்வுகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால், ஓசை தனித்து நின்று மருந்தாவதில்லை என்பதும், வாசிக்கும் கை, சீராகும் மூச்சு, சூழ்ந்திருக்கும் மனிதர் ஆகிய மூன்றும் கூடுமிடத்திலேயே அது ஆற்றுகிறது என்பதும் புலப்படும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடத்திலிருந்து எஃகுக்கு

ஹேண்ட்பேன் வகையின் முதற்கருவியான ‘ஹாங்’, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபீலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர் ஆகிய இருவரால் உருவாக்கப்பட்டது. டிரினிடாட் தீவில் எண்ணெய்ப் பீப்பாய்களிலிருந்து பிறந்த ஸ்டீல்பேன் கருவியைச் செய்துவந்த இவர்களிடம், கடம் வாசிக்கும் சுவிஸ் தாளக் கலைஞர் ரேட்டோ வெபர் 1999இல் ஒரு வேண்டுகோளை வைத்தார். கடத்தைப்போல் கையால் வாசிக்கத்தக்கதாகவும், சில சுரங்கள் பொதிந்ததாகவும் எஃகிலே ஒரு பானை வேண்டும் என்பதே அது. அந்த முயற்சியில் உருவான கருவி 2001இல் ஃபிராங்ஃபர்ட் இசைக்கருவிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கடம் அதற்கு முன்பே உலக அரங்கை எட்டியிருந்தது. 1970களில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவில் விக்கு விநாயக்ராம் வாசித்தது அதற்குப் பெரிதும் துணைபுரிந்தது.

இரு கருவிகளின் உறவு வடிவத்தோடு நின்றுவிடுவதில்லை. கடத்தின் கழுத்திலும் வயிற்றிலும் விரல்நுனி, நகம், உள்ளங்கை அடி ஆகியவை விழும் இடத்தைப் பொறுத்து ஓசை மாறுகிறது. வாயைத் தன் வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் கலைஞர் எழுப்பும் கனத்த ஒலி ‘கும்கி’ எனப்படும். பானைக்குள் அடைபட்ட காற்றும் வாய்ப்பகுதியில் உள்ள காற்றும் ஒன்றையொன்று தள்ளி இழுத்து அதிர்வதால் பிறக்கும் இவ்வொலியை இயற்பியலார் ‘ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு’ என்பர். ஹாங் கருவியின் அடிப்பகுதியில் உள்ள துளையும் இதே பணியைச் செய்கிறது. தொடைகளை நெருக்கியும் விரித்தும் அமர்வதால் அதன் கீழோசையும் மாறுகிறது. மானாமதுரைக் குயவரின் சூளையில் கடத்தின் சுருதி உறுதிப்பட்டுவிடுவதால், வித்துவான்கள் வெவ்வேறு கட்டைக்குரிய கடங்களை வைத்திருப்பர். ஆற்றுதல் என்னும் நோக்கில் இங்கே கருதத்தக்க செய்தி, கடமும் ஹாங்கும் வாசிப்பவரின் வயிற்றோடும் தொடையோடும் ஒட்டி நின்று அதிர்பவை என்பதே. அதிர்வை முதலில் உணர்பவர் வாசிப்பவர்; கேட்பவருக்கு எட்டுவது அதற்கு அடுத்த நிலையே.

சுருதியும் அதிர்வெண்ணும்

ஒலிவழி ஆற்றுதலைப் பரப்புவோர் அடிக்கடி எடுத்துரைக்கும் ஒரு கூற்று, நொடிக்கு 432 அதிர்வு, அதாவது 432 ஹெர்ட்ஸ், என்னும் அளவில் சுருதி சேர்க்கப்பட்ட கருவிக்குத் தனிக் குணமாக்கும் ஆற்றல் உண்டு என்பது. மேலை இசையில் ‘ஏ’ என்னும் சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவு 1939ஆம் ஆண்டின் லண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டது. 432 என்பது அதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவது. கருநாடக இசை மரபில் இத்தகைய தனிமுதல் அளவுக்கே இடமில்லை. பாடுவோர் தம் குரலுக்கேற்ற கட்டையில் ஆதார சட்சத்தை வைத்துக்கொள்கின்றனர்; அதனின்று எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதே ஒவ்வொரு சுரத்தின் அடையாளம். ஐந்தரைக் கட்டையில் ஒருவரும் ஒன்றரைக் கட்டையில் மற்றொருவரும் பாடும்போது இராகம் ஒன்றாகவே இருக்கிறது. அதன் மெய்ப்பாடும் மாறுவதில்லை.

இத்தாலியில் 33 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட முன்னோட்ட ஆய்வொன்று, 440இல் அமைந்த இசையைவிட 432இல் அமைந்த இசையைக் கேட்டபோது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவாகத் தணிந்ததாகக் கூறியது. இரத்த அழுத்தத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உடல்நலமுடைய சிலரிடம் கண்ட இவ்வளவைக்கொண்டு நோய் நீங்கும் என்று சொல்ல வழியில்லை.

ஹேண்ட்பேனின் உண்மையான வலிமை வேறோர் இடத்தில் இருக்கிறது. பரவலாகப் புழங்கும் ‘டி குர்த்’ என்னும் அமைப்பைச் சான்றாகக் கொள்ளலாம். இரண்டு கட்டைச் சுருதியில் வைத்துப் பார்த்தால் அதன் சுரங்கள் இருபதாவது மேளமான நடபைரவியின் சுரங்களோடு பொருந்துகின்றன. சுரத் தளங்கள் அசையாதவை ஆகையால் கமகத்துக்கு அங்கே இடமில்லை. இராகமாக அதனை விரிப்பது அரிது. ஆயினும் ஒத்திசையும் சுரங்களே கருவியில் இருப்பதால், இசை பயிலாதவரும் முதல் நாளிலேயே கேட்க இனிய ஒன்றை எழுப்ப முடிகிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், குழந்தைகளுக்கான கட்டைத்தாளக் கருவிகளில் சில கட்டைகளைக் கழற்றி ஐந்து சுரங்களை மட்டும் விட்டுவைத்ததும் இதே நோக்கத்தால்தான். தவறிவிடுவோமோ என்ற அச்சம் நீங்கிய கை இளகுகிறது. கை இளகும்போது தோளும் மூச்சும் இளகுகின்றன.

நோயும் முழவும்: தமிழ் மரபின் சான்றுகள்

நோயாளியின் அருகே இசை எழுப்பும் வழக்கத்துக்குச் சங்க இலக்கியம் தெளிவான சான்று தருகிறது. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடலில், விழுப்புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்கும் பெண்டிர் மனையில் வேம்பையும் இரவம் என்னும் மரத்தின் தழையையும் செருகி, யாழோடு பல கருவிகளும் ஒலிக்கச் செய்து, வெண்சிறுகடுகு தூவி, குழலூதி, மணி ஒலித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்புகின்றனர். இங்கே இசை, தழையும் புகையும் பெண்டிரின் காவலும் சேர்ந்த பெரும் பராமரிப்பின் ஓர் உறுப்பாகவே நிற்கிறது.

குணமாக்கும் சடங்கை ஐயுறும் குரலும் அதே இலக்கியத்தில் உண்டு. வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூற்று 22ஆம் பாடலில், தலைவியின் மெலிவுக்குக் காரணம் முருகன் என்று கருதி, அவனுடைய பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றனர். அன்றிரவே தலைவன் வந்து சேர அவள் நலம் பெறுகிறாள். அந்நலத்தோடு யாதொரு தொடர்புமில்லாத வேலனை எண்ணி நகைக்கிறாள். சடங்குக்குப் பின் நலம் வந்தது என்பதனாலேயே சடங்கால் வந்தது என்று முடிவு செய்யலாகாது என்னும் இத்தெளிவு, இன்றைய மருத்துவ ஆய்வின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

திருவேற்காட்டு மரபையும் இவ்விரு பாடல்களின் ஒளியில் காணவேண்டும். உடுக்கையை இடக்கையில் பற்றி, இடையிலே சுற்றிய கயிற்றை நெருக்கியும் தளர்த்தியும் வலக்கை விரல்களால் தட்டும்போது, தோலின் இறுக்கம் மாறி ஓசை ஏறியும் இறங்கியும் வளைகிறது. ஹேண்ட்பேனுக்கு வாய்க்காத இந்நெகிழ்ச்சியால் உடுக்கை ஏறத்தாழப் பேசும் குரலை எட்டுகிறது. ஆயினும் அது தனியே முழங்குவதில்லை. பாட்டும், வேப்பிலையும், மஞ்சள்நீரும், பெயர்சொல்லி அழைத்து ‘என்ன குறை’ என்று கேட்பவரும் உடன் உண்டு. தென்னார்க்காட்டுப் பகுதியின் சடங்குகளை ஆராய்ந்து 2000இல் நூலெழுதிய மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பம்பைக்காரர்கள் பாதிக்கப்பட்டவரோடு நேர்நின்று உரையாடியே சடங்கை நடத்திச் செல்வதை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

அம்மைநோய் வந்த வீட்டில் தாலாட்டுப் பாடி, வேப்பிலை செருகி, குளிர்ந்த உணவளித்துக் காத்த வழக்கம், நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஆறுதலையும் ஓய்வையும் தந்தது. பெரியம்மையை ஒழித்ததோ தடுப்பூசி. 1899இல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் நிலையம் போன்ற இடங்களில் தடுப்பூசி உருவாக்கப்பட்டு, ஊர்தோறும் குத்தப்பட்ட பிறகே, 1975இல் இந்தியா தன் இறுதி நோயாளியைக் கண்டது. ஆறுதல் வேறு, குணமாக்குதல் வேறு என்பதனையும், ஒன்றுக்காக மற்றொன்றை இழிவுபடுத்த வேண்டியதில்லை என்பதனையும் இவ்வரலாறு ஒருசேர உணர்த்துகிறது.

ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்காவில் 62 பேரிடம் இமயமலைக் கிண்ண ஒலியைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வு, அமர்வுக்குப் பின் இறுக்கமும் சினமும் சோர்வும் குறைந்ததாகக் காட்டியது. ஆனால் கிண்ணமின்றி வெறுமே படுத்திருந்த ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. ஆகவே குறைத்தது ஒலியா, ஓய்வா என்று அது பிரித்துச் சொல்லவில்லை. வலுவான சான்று பிற வகை இசைப்பணிகளுக்கே உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முன் இசை கேட்டோர் பற்றிய 26 ஆய்வுகளை, 2,051 நோயாளிகளை உள்ளடக்கித் தொகுத்த 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, பதற்றம் குறைவதைக் கண்டது. மைக்கேல் தாட் குழுவினர் 1996இல், சீரான தாளத்துக்கேற்ப நடைபயின்ற பார்க்கின்சன் நோயாளிகளின் நடை மேம்படுவதைக் காட்டினர். லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல், செபமாலைச் செபமும் யோக மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைத்து, இதய இயக்கத்தின் சீரமைப்பை மேம்படுத்துவதைக் கண்டறிந்தனர். கத்தோலிக்கச் செபமும் வடமொழி மந்திரமும் ஒரே பயனைத் தந்தன என்பதிலிருந்து, பயன் சொல்லிலும் ஒலியிலும் மட்டும் இல்லை என்றும், அவை அமைத்துத் தந்த மூச்சின் ஒழுங்கிலும் இருந்தது என்றும் கொள்ள இடமுண்டு.

புறநகருக்கு ஏற்ற நெறி

1964இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகளும், பூந்தமல்லி நெடுஞ்சாலையும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், தகட்டு அச்சு எந்திரங்களின் இரைச்சலில் ஷிஃப்ட் முடித்துத் திரும்புவோர் பலர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்திருந்தும், பட்டறையும் வீடும் அடுத்தடுத்து அமைந்த தெருக்களில் அமைதி அரிதாகிறது. ஒலிவழி ஆற்றுதலுக்கு இங்கே உண்மையான தேவை இருப்பதும், அதனைப் பொறுப்போடு நடத்தவேண்டிய கடமை கூடுவதும் இதனால்தான். இரைச்சலில் பல்லாண்டு உழைத்துக் காதிரைச்சலுக்கு ஆளானவரின் காதருகே உலோகக் கருவியை ஒலிப்பது துன்பத்தைக் கூட்டக்கூடும். அவர் முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் காண்பதே முறை. நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு போன்றவற்றை மந்திர ஆற்றலால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்திருப்பதையும் அமர்வு நடத்துவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, வந்தவரைப் படுக்கவைத்து ஒலியைப் பொழிவதோடு நில்லாமல், கருவியை அவர் கையிலும் கொடுக்கவேண்டும். இரண்டாவது, தாளத்தின் நடையை மெல்ல இறக்கி, நிமிடத்துக்கு ஆறு மூச்சை ஒட்டி வாசிக்கவேண்டும். மூன்றாவது, உடுக்கைக்காரர் கேட்பதுபோல், வாசிக்கும் முன்னும் பின்னும் வந்தவரின் குறையைக் கேட்கவேண்டும். கேட்டது மருத்துவரின் எல்லைக்குள் வருமாயின் அங்கே அனுப்பவேண்டும்.

முடிவுரை

ஹேண்ட்பேன் தமிழ் மண்ணுக்கு அயலானதன்று. கடத்தின் வழியே அதற்கு இம்மண்ணோடு உறவுண்டு. அந்த உறவை மதிப்பதென்பது கருவியின் வடிவத்தைக் கொண்டாடுவதோடு முடிவதில்லை; நோயாளியைச் சூழ்ந்து நின்ற பெண்டிரின் காவலையும், வேலனை எண்ணி நகைத்த தலைவியின் தெளிவையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வதாகும். அதிர்வெண்ணின் பெயரால் குணத்தை விற்பது பின்னதை மறக்கிறது. ஆறுதலுக்குப் பயனே இல்லையென்று தள்ளுவதும் அதே அளவு பிழையானது. மருந்து செய்யவேண்டியதை மருந்துக்கு விட்டு, துன்புறுவோரின் தனிமையையும் பதற்றத்தையும் தணிப்பதைத் தன் பணியாகக் கொள்ளும்போது, கையால் வாசிக்கும் கருவி எதுவாயினும் அது மெய்யான தொண்டினையே ஆற்றுகிறது.