6 கி.மீ. ஆழத்திலும் வாழும் ‘முழங்கை’ கணவாய்... வளர்ந்த நிலையில் யாருமே கையில் பிடிக்காத மேக்னாபின்னா!

2007 நவம்பர் மாதம். மெக்சிகோ வளைகுடாவில் ஷெல் நிறுவனத்தின் பெர்டிடோ எண்ணெய்த் திட்டப் பகுதி. சுமார் 2,386 மீட்டர் ஆழத்தில் வேலை செய்துகொண்டிருந்த ரோபோ வாகனத்தின் கேமரா முன்னால் திடீரென ஓர் உருவம் வந்து நின்றது. மேலே சின்ன உடம்பு, பக்கவாட்டில் மெதுவாக அசையும் பெரிய துடுப்புகள். கீழே நூல் நூலாக, முடிவே தெரியாமல் தொங்கும் கைகள். அடுத்த ஆண்டு வெளியான அந்த வீடியோவைப் பார்த்துப் பலரும் ‘வேற்றுக்கிரக உயிரா இது?’ என்று கேட்டார்கள்.

வேற்றுக்கிரகம் எல்லாம் இல்லை. அது ஒரு கணவாய். பெயர் மேக்னாபின்னா. லத்தீனில் ‘பெரிய துடுப்பு’ என்று அர்த்தம்.

உடல் அமைப்பு எப்படி?

கணவாய் மீன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது மீனே இல்லை. நத்தை, சிப்பி வகையறாவைச் சேர்ந்த மெல்லுடலி. பெரும்பாலான கணவாய்களுக்கு எட்டுக் கைகளும், இரை பிடிக்க இரண்டு உணர்கொம்புகளும் இருக்கும். பொதுவாக உணர்கொம்புகள் இரண்டும் கைகளைவிட நீளமாக, பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும்படி இருக்கும்.

மேக்னாபின்னாவில் கதையே வேறு. வளர்ந்த கணவாயில் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிகின்றன. ஒவ்வொன்றும் உடம்பிலிருந்து முதலில் பக்கவாட்டில் நீண்டு, பிறகு முழங்கையை மடக்கியது போல வளைந்து கீழே தொங்குகிறது. வளைவுக்குக் கீழே இருக்கும் பகுதி மெல்லிய நூல் போன்றது.

உடம்பு எவ்வளவு பெரியது? ஆஸ்திரேலியக் கடலில் லேசர் ஒளிப்புள்ளிகளை வைத்து ஒரு கணவாயை அளந்தார்கள். உடம்பு, அதாவது நம் சமையலறையில் வளையம் வளையமாக நறுக்கும் அந்தப் பகுதி, வெறும் 15 செ.மீ. கைகளின் நுனி வரை மொத்த நீளமோ 1.83 மீட்டர். ஒரு ஆள் உயரத்துக்கு மேல்! மற்ற வீடியோக்களில் தெரிந்த சில கணவாய்கள் 7 மீட்டர் வரை இருக்கலாம் என விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கெல்லாம் இருக்கு?

இதன் முதல் தடயம் 1883-ல் கிடைத்தது. அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே பிரெஞ்சு ஆய்வுக் கப்பலான டாலிஸ்மன் போட்ட வலையில் ஒரு சிதைந்த கணவாய் சிக்கியது. 1907-ல் அதைப் பற்றி எழுதியும் வைத்தார்கள். ஆனால் அது எந்தக் குடும்பம் என்று யாருக்கும் புரியவில்லை.

1998-ல்தான் அமெரிக்க விஞ்ஞானிகள் மைக்கேல் வெக்கியோனி, ரிச்சர்ட் யங் இருவரும் இதைத் தனிக் குடும்பமாகவே அறிவித்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை இளம் கணவாய்கள் மட்டுமே. அதில் ஒன்று, ஹவாய் அருகே பிடிபட்ட ஒரு மீனின் வயிற்றுக்குள் இருந்து எடுத்தது!

வளர்ந்த கணவாய்கள் கேமராவில் மட்டும்தான் தென்பட்டிருக்கின்றன:

• 1988: பிரேசில் கடற்பகுதி, 4,735 மீட்டர் ஆழம். பிரான்ஸின் நோட்டீல் நீர்மூழ்கியில் இருந்தவர்கள் பார்த்தது.

• 1998: இந்தியப் பெருங்கடல், மொரீஷியஸுக்குத் தெற்கே. ஜப்பானின் ஷின்காய் 6500 பதிவு செய்தது.

• 2015 முதல் 2017 வரை: ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடற்பகுதியான கிரேட் ஆஸ்திரேலியன் பைட். மொத்தம் ஐந்து கணவாய்கள். அந்தக் கடலில் இதுதான் முதல் பதிவு.

2021 மார்ச்சில் இன்னொரு ஆச்சரியம். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான்ஸ்டனைத் தேடி பிலிப்பைன்ஸ் அகழிக்குள் இறங்கியபோது எடுத்த வீடியோவில் ஒரு இளம் மேக்னாபின்னா தெரிந்தது. ஆழம் 6,212 மீட்டர். அதற்கு முன்பு இவ்வளவு ஆழத்தில் எந்தக் கணவாயையும் யாரும் பார்த்ததில்லை.

அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் என எல்லாப் பக்கமும் தென்பட்டிருப்பதால், உலகம் முழுக்க ஆழ்கடலில் இது பரவியிருக்கலாம் என்பதே விஞ்ஞானிகளின் கணிப்பு. அப்படியென்றால் அரிய உயிரா, இல்லை நாம்தான் சரியாகப் பார்க்கவில்லையா? இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். ஆழ்கடலில் மனிதன் கேமராவோடு பார்த்த இடம் மிகமிகக் குறைவு.

எப்படிச் சாப்பிடுகிறது?

இரை பிடிப்பதை இதுவரை யாரும் படம் பிடிக்கவில்லை. இருப்பது ஊகம்தான். கைகளைத் தொங்கவிட்டபடி மிதக்கும்போது, நீரில் மிதந்து வரும் சின்ன உயிர்கள் அந்த நூல்களில் மோதி ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். சிலந்தி வலை மாதிரி. நீர்மூழ்கி மீது கை பட்டபோது கணவாய் அதை விடுவிக்கச் சிரமப்பட்டதும் இந்த ஊகத்துக்கு வலு சேர்க்கிறது.

ஆஸ்திரேலியாவில் இன்னொன்றையும் பார்த்தார்கள். நீண்ட நூல்களைச் சுருள் சுருளாகச் சுருட்டி உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டது அந்தக் கணவாய். வேறு எந்தக் கணவாயிடமும் இந்தப் பழக்கத்தை அதுவரை கண்டதில்லை.

இப்போது ஏன் முக்கியம்?

மேக்னாபின்னாவைக் காட்டிய கேமராக்களில் பல, விலங்கைத் தேடிப் போனவை அல்ல. எண்ணெய்க் கிணறு வேலைக்காக இறக்கியவை. கிரேட் ஆஸ்திரேலியன் பைட்டிலும் எண்ணெய் நிறுவனங்களுக்குக் கண் இருந்தது. கடும் எதிர்ப்புகளுக்கு நடுவே பிபி, செவ்ரான் விலகின. 2020 பிப்ரவரியில் நார்வேயின் ஈக்வினாரும் திட்டத்தைக் கைவிட்டது.

அடுத்து வரிசையில் நிற்பது ஆழ்கடல் சுரங்கம். பசிபிக் பெருங்கடலில் சுமார் 4,000 முதல் 5,500 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கனிம உருண்டைகளை அள்ளப் பல நாடுகள் காத்திருக்கின்றன. மேக்னாபின்னா இந்த ஆழத்திலும் தென்பட்டிருக்கிறது.

வளர்ந்த மேக்னாபின்னா ஒன்றுகூட இதுவரை பிடிபடவில்லை. எங்கே முட்டையிடும், எத்தனை வருஷம் வாழும், மொத்தம் எத்தனை இருக்கின்றன என்ற கேள்விகளுக்கு இன்னும் பதில் இல்லை. எண்ணிக்கையே தெரியாத ஒரு உயிர் குறைகிறதா, கூடுகிறதா என்று எப்படிச் சொல்ல முடியும்? சுரங்க இயந்திரம் இறங்குவதற்கு முன்பே அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுங்கள் எனக் கடல் விஞ்ஞானிகள் வலியுறுத்துவது இதனால்தான்.