உப்புக்காற்று ஊரிலும் ஆர்கிட் பூக்கும்... வாண்டா வளர்க்க ஈஸி கைடு!

ஆர்கிட் என்றதும் ஊட்டி, கொடைக்கானல், இல்லைன்னா கல்யாண மேடை அலங்காரம்தான் ஞாபகம் வருதா? நம்ம கிழக்குக் கடற்கரைக்கே சொந்தமான ஆர்கிட் ஒன்று இருக்கு. பெயர், வாண்டா டெசலேட்டா. பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் கிராமங்களில், வீட்டு வாசலிலேயே இதை வளர்க்கலாம். ஒரே வில்லன், தண்ணீரில் இருக்கும் உப்பு!

யார் இந்த வாண்டா?

தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க், 1795-ல் வெளிவரத் தொடங்கிய 'கோரமண்டல் கரையின் தாவரங்கள்' நூலில் இதைப் பதிவு செய்தார். பழவேற்காடும் சென்னையும் இருக்கிற இதே கரைதான் கோரமண்டல். மஞ்சள் கலந்த பச்சை இதழில் பழுப்பு நிறக் கட்டம் கட்டமான கோலம், நடுவில் ஊதா உதடு, கூடவே நல்ல வாசனை. கோடையை ஒட்டிப் பூக்கும். நம்ம ஊர் வெயிலையும் தாங்கும்.

மரத்தில் ஒட்டி வளர்வதால் 'புல்லுருவி' என்று நினைத்துப் பிடுங்கிவிடுகிறார்கள். ஆனா, இது மரத்தின் சத்தை உறிஞ்சாது. மரம் இதற்கு உட்கார ஓர் இடம், அவ்வளவுதான். மழை, பனி, காற்றின் ஈரம் இவைதான் சாப்பாடு.

மண் வேண்டவே வேண்டாம்

மண்ணில் நட்டால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். துளையுள்ள மண்தொட்டியில் மரக்கரியும் ஓட்டுச்சில்லும் போட்டு வையுங்கள். அல்லது சொரசொரப்பான மரக்கட்டையில் கட்டித் தொங்கவிடலாம். கட்டுவதற்குப் பழைய வலையின் நைலான் நூலே போதும். ஆனால், கரை ஒதுங்கிய கட்டை வேண்டாம். அதற்குள் உப்பு ஊறியிருக்கும். தேங்காய் மட்டை என்றால், சில நாள்கள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகு பயன்படுத்துங்கள்.

தண்ணீர்தான் மேட்டர்

போர் தண்ணீர் கரிக்கிறதா? செடிக்கு ஊற்றாதீர்கள். வேரில் வெள்ளைப் படிவமும், நுனியில் கருகலும் தெரிந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். மழைநீரைப் பிடித்து மூடிவையுங்கள். ஏசி-யில் இருந்து சொட்டும் தண்ணீரும் ஓகே. கடற்காற்று நேராக அடிக்கும் பக்கம் வைக்காமல், அவ்வப்போது நல்ல தண்ணீரில் இலையைக் கழுவிவிடுங்கள்.

எப்போது ஊற்றணும்னு வேரே சொல்லும். வெள்ளி நிறத்தில் இருந்தால் தாகம். பச்சையாக இருந்தால் போதும். கோடையில் தினமும் காலையில் ஊற்றலாம். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும், கவனம். வடகிழக்குப் பருவமழை நாள்களில் கூரைக்கு அடியில் மாற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால், தொங்கும் தொட்டியை முதலில் இறக்கிவிடுங்கள்.

வெயில், உரம்

காலை வெயிலும் மதிய நிழலும் சரியாக இருக்கும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சளாக வெளுத்தால் வெயில் அதிகம். 19:19:19 உரத்தை, லிட்டருக்கு அரை கிராம் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். அதிகம் போட்டால், அதுவும் உப்புதான்!

காட்டில் கை வைக்காதீங்க

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாவில் இன்னும் காடு மிச்சமிருக்கு. அது மாதிரிக் காடுகள்தான் இந்தச் செடியின் வீடு. வாண்டாவின் ஒரு காயில் தூசி போன்ற விதைகள் ஏராளம். ஆனா, விதைக்குள் உணவு சேமிப்பு கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் காட்டில் முளைக்கும். அதனால், பிடுங்கிய ஒரு செடியின் இடத்தில் இன்னொன்று வர வருடக்கணக்கில் ஆகும். ஆர்கிட் குடும்பம் முழுவதுமே 'சைட்டிஸ்' சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

அதனால், நர்சரியில் வளர்த்த செடியாகக் கேட்டு வாங்குங்கள். வேரில் மரப்பட்டை ஒட்டியிருந்தால், வேர்கள் பிய்ந்திருந்தால் அது காட்டில் பறித்ததாக இருக்கலாம், வாங்காதீர்கள். சின்ன நாற்று பூக்கச் சில வருடங்கள் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லையா? ஏற்கெனவே ஒருமுறை பூத்த செடியாகக் கேளுங்கள்!