உடுப்பிட்டியிலிருந்து தெரியும் மசாசூசெற்ஸ்

உடுப்பிட்டியில வளர்ந்த ஆக்களுக்கு 'அமெரிக்கன் மிஷன்' எண்டது வெளிநாட்டுச் சொல் இல்லை. அது ஒரு பள்ளிக்கூடத்தின்ர பெயர், அவ்வளவுதான். அந்த 'அமெரிக்கன்' எந்த அமெரிக்கா எண்டு யோசிச்சதே நான் கம்பஸ் வந்த பிறகு.

தேடிப் பாத்தா, அது படங்களில வாற நியூயோர்க்கோ கலிபோர்னியாவோ இல்லை. வடகிழக்கு மூலையில இருக்கிற மசாசூசெற்ஸ் எண்ட சின்ன மாநிலம். அங்கே 1810இல் தொடங்கின மிஷன் சபை, பொஸ்ரனில இருந்துகொண்டு 1816இல் தெல்லிப்பழைக்கு ஆக்களை அனுப்பினது. வந்த எல்லாரும் அந்த மாநிலத்தவர் இல்லை. ஆனா காசும் கட்டளையும் அங்கேயிருந்துதான் வந்தது. நான் அந்த மாநிலத்துக்குப் போனதில்லை. அது இங்கே விட்டுட்டுப் போன தடங்களை வைச்சுத்தான் அதின்ர குணத்தை அறிஞ்சன்.

முதல் குணம், வாசிப்பு. 1636இலேயே ஹாவார்ட் கல்லூரியைத் தொடங்கின இடம் அது. ஐம்பது வீடு இருக்கிற ஒவ்வொரு ஊரும் எழுத வாசிக்கச் சொல்லிக்குடுக்க ஒரு வாத்தியாரை வைக்க வேணும் எண்டு 1647இல் அங்கே சட்டம் போட்டவை. அறிவுத் தாகம் மட்டும் காரணமில்லை. பைபிளைத் தானே வாசிக்கத் தெரியாதவனைச் சாத்தான் ஏமாத்திப்போடுவான் எண்ட பயம். இது தெரிஞ்ச பிறகுதான் எங்கட பாடப்புத்தகத்து ஆண்டுகள் எனக்கு விளங்கினது: 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை, 1841இல் உதயதாரகை பத்திரிகை.

இரண்டாவது குணம், தாங்கள் சொல்லுறதுதான் சரி எண்ட பிடிவாதம். செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர், மசாசூசெற்ஸின் டான்வேர்ஸில் 1789இல் பிறந்தவர். டான்வேர்ஸின்ர பழைய பெயர் சேலம் கிராமம். தமிழ்நாட்டுச் சேலம் இல்லை. 1692இல் சூனியக்காரர் எண்டு பழி சுமத்தி 19 பேரைத் தூக்கில போட்ட அந்த வழக்குகள் தொடங்கின ஊர். அதுக்கு நூறு வருசம் கழிச்சு அங்கே பிறந்தவர் வட்டுக்கோட்டைக்கு வந்து, வானியல் படிப்பிச்சு, எங்கட பஞ்சாங்கத்தின்ர கிரகணக் கணக்கில பிழை காட்ட நிண்டவர். அவர் இங்கே படிப்பிச்சுக்கொண்டிருந்த 1833 வரைக்கும் அவரின்ர சொந்த மாநிலத்தில தேவாலயத்துக்கெண்டு வரி அறவிடச் சட்டம் இருந்தது.

அதே பிடிவாதத்தால 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படிச்ச பெடியள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகினம், தமிழிலேயே படிப்பிச்சாப் போதும் எண்டது பொஸ்ரன் தலைமையின்ர முடிவு. ஆங்கிலத்தைத் தேடிப் போன எங்கட ஆக்களைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை அது. இங்கத்தையான் ஆக்கள் விடேல்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி உருவானது. அதுக்கு முன்னமே, 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் திறந்திட்டார். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் எண்டு அவையின்ர ஆயுதங்களையே எடுத்து அவைக்கு எதிராப் பிடிச்சவர்.

அந்த மாநிலத்தின்ர இன்னொரு முகம் மானிப்பாய் டொக்டர் கிறீன். மசாசூசெற்ஸின் வூஸ்ரர் நகரத்தில 1822இல் பிறந்தவர். மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிச்சு, அதுக்குத் தமிழில நூல்களும் ஆக்கினவர். 1873இல் ஊர் திரும்பி 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் எண்டு தன்ர கல்லறையில பொறிக்கச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்.

இதையெல்லாம் வாசிக்கேக்க எனக்குப் பெருமை வந்தது, ஒரு உறுத்தலும் வந்தது. 1647 சட்டம் 'ஐம்பது வீடு' எண்டு சொன்னது. இங்கே அது எந்த ஐம்பது வீடு? செமினரியில தொடக்கத்தில படிச்சவை பெரும்பாலும் வெள்ளாளப் பெடியள். வகுப்பில சமமா வாங்கில இருக்கிறதுக்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையள் 20ஆம் நூற்றாண்டிலையும் போராட வேண்டியிருந்தது. பொஸ்ரனுக்கு இருந்த பிடிவாதம் எங்கட சாதிக்கு முன்னால பல இடங்களில வளைஞ்சு குடுத்தது.

'யாழ்ப்பாணம் படிச்ச சமூகம்' எண்டு இனி ஆராவது சொன்னா, எங்கட ஊரில எந்த வீட்டுப் பிள்ளை எந்த வருசம் முதல்முதலா வாங்கில இருந்தது எண்டு கேளுங்கோ. நான் முதல்ல என்ர வீட்டில இருந்து கேக்கப் போறன்.