பாட்டு போடலாம், செய்தி சொல்லக் கூடாது

தனியார் பண்பலையின் வரலாற்றைச் சொல்கிற பலரும் சென்னையோடு நின்றுவிடுகிறார்கள். திருநெல்வேலிக்காரனான எனக்கு அதில் நெடுநாள் வருத்தம் உண்டு. 1999-இல் மத்திய அரசு 40 நகரங்களில் 108 அலைவரிசைகளை ஏலம் விட்டது. போட்டியில் தொகையை ஏற்றிக் கேட்டவர்களில் பலர், ஆண்டுதோறும் 15 சதவீதம் கூடிக்கொண்டே போகும் உரிமக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்ததும் விலகிவிட்டார்கள். கடைசியில் நாடு முழுவதும் 12 நகரங்களில்தான் நிலையங்கள் ஒலித்தன. அவற்றில் தமிழ்நாட்டு ஊர்கள் மூன்று: சென்னை, கோவை, திருநெல்வேலி. மதுரைக்கும் திருச்சிக்கும் முன்பே எங்கள் ஊரில் சூரியன் எஃப்.எம். கேட்டது.

வாங்குவாரில்லாத சந்தைக்கு வந்த சரக்கல்ல அது. தென்கோடி மக்களின் காது அதற்கு முன்பே பழகியிருந்தது. 1950-இல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியதிலிருந்து மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அந்த அறிவிப்பாளர்களெல்லாம் எங்கள் வீடுகளில் உறவுக்காரர்களைப் போல இருந்தார்கள். 1963-இல் பாளையங்கோட்டையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்த பிறகும், பிறந்தநாள் வாழ்த்தில் நம் வீட்டுப் பிள்ளையின் பெயர் வருமா என்று கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பி வைத்தவர்கள் ஏராளம். தன் பெயரைக் காற்றில் கேட்கும் சந்தோஷத்தை அறிந்த தலைமுறை அது. தனியார் பண்பலை வந்தபோது அவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயது ஆகியிருந்தது.

2005-இல் இரண்டாம் கட்டக் கொள்கை வந்தது. ஏறிக்கொண்டே போன கட்டணம் ஒழிந்து, மொத்த வருமானத்தில் 4 சதவீதம் கொடுத்தால் போதும் என்றானது. உடனே நிலையங்கள் பெருகின. அப்போது தென்மாவட்ட நிலையம் ஒன்றில் இரவு நேர அறிவிப்பாளனாகச் சேர்ந்தேன்.

விளம்பரப் பிரிவுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வேண்டும். புதுப்படப் பாட்டு வேண்டும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் போனில் வந்த குரல்கள் வேறு. லாரி டிரைவர்கள், அரிசி ஆலைக் காவலாளிகள், கடை அடைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள், எல்லோரையும்விட அதிகமாக பீடி சுற்றும் பெண்கள். முக்கூடல், பேட்டை, மேலப்பாளையம் பக்கம் வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை அது. மடியில் தட்டு, இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைக் கட்டி, தலையை மடக்க வேண்டும். கையும் கண்ணும் அதிலேயே கட்டுண்டு கிடக்கும். டி.வி. பார்த்தால் எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குள் போக வானொலியை விட்டால் வேறு எது இருந்தது? வீட்டிலிருந்த பட்டன் போனில் இயர்போனைச் சொருகினால் அந்த வயரே ஏரியல். ஸ்பீக்கரில் வைத்தால் திண்ணையில் இருக்கும் நாலு பேரும் கேட்கலாம்.

அவர்கள் கேட்டது பெரும்பாலும் 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்து பத்துப் பதினைந்து வருஷத்து இளையராஜா பாட்டுகள். ஒரு ராத்திரி ஓர் அக்கா பேசினார்: “இன்னைக்குக் கடையில எம்புட்டோ பீடிய கழிச்சிட்டாவ தம்பி. மனசே சரியில்ல. ஒரு ராஜா பாட்டு போடுங்க.” பாட்டு போட்டேன். முதல் வாக்கியத்தை வெட்டிவிட்டுத்தான் அந்த அழைப்பை ஒலிபரப்பினோம்.

வெட்டச் சொன்னது உரிம நிபந்தனை மீதான பயம். தனியார் பண்பலையில் செய்தியும் நடப்பு நிகழ்வும் கூடாது. கூலியும், சரியில்லை என்று கடையில் பீடியை ஒதுக்கும் கழிவும் விவகாரமாகிவிடும், விவகாரம் செய்தியாகிவிடும். அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தனியாருக்குக் கதவு திறந்ததற்கு அந்தத் தீர்ப்பே வேர். அந்தப் பொதுச் சொத்தின் வழியாகப் பாட்டு போகலாம், ஊர்ச் செய்தி போகக் கூடாது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2006-இல் தினத்தந்தி குழுமம் ஹலோ எஃப்.எம். தொடங்கியது. ஆதித்தனார் 1942-இல் தொடங்கிய பத்திரிகையை டீக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி நின்று கேட்டு வளர்ந்த நாடு இது. அதே குழுமத்தின் வானொலிக்கு அந்தப் பத்திரிகைச் செய்தியை வாசிக்க அனுமதியில்லை. வளர்ந்த மனிதர்களை இதைவிடக் குறைத்து மதிக்க முடியாது.

2011-இன் மூன்றாம் கட்டக் கொள்கை கொஞ்சம் இறங்கி வந்தது. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்றது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றிய அறிவிப்புகள் செய்தியில் சேராது என்றும் சொன்னது. ஆனால் மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றியெல்லாம் உள்ளூர் நிர்வாகம் தருவதைத்தான் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. பல இடங்களில் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. அந்த நேரத்தில் பேட்டரி ரேடியோவை நம்பியிருப்பவருக்கு அடுத்த தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர் அடுத்த தெருக்காரர்தான். நிர்வாகத்தின் தாள் வந்து சேரும்வரை அந்தத் தகவல் ஏன் காத்திருக்க வேண்டும்?

அந்த வெள்ளத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 2023 செப்டம்பரில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை தந்தது. தனியார் பண்பலை மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்லலாம், செல்போன்களில் எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாது என்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் சொந்தக் குரல் வரப்போகிறது என்றால் அந்தப் பத்து நிமிடமும் கூடவே வர வேண்டும். பாபநாசம் அணையில் 143 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது, கால்வாயில் தண்ணீர் என்றைக்குத் திறக்கிறார்கள், நயினார்குளம் மார்க்கெட்டில் தக்காளி என்ன விலை, ஆயிரம் பீடிக்கு என்ன கூலி பேசி முடித்தார்கள், எந்தக் கடையில் எவ்வளவு கழித்தார்கள் என்பதையெல்லாம் சொல்ல அது போதும். மிச்ச ஐம்பது நிமிடத்துக்கு ராஜா பாட்டு இருக்கிறது.