இருபது வரி அட்டவணைக்கு ஓர் உரை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கான ஆட்டக்காரர் கையேட்டில் (2014) இருபதே வரியில் ஓர் அட்டவணை உண்டு. எத்தனை அனுபவப் புள்ளி சேர்ந்தால் ஒரு பாத்திரம் எந்த லெவலுக்கு ஏறும் என்பதைச் சொல்வது அது. வருடக்கணக்கில் ஓடும் கேம்பெய்னில், "லெவல் ஏறவே மாட்டேங்குதே" என்ற முணுமுணுப்பு ஒரு கட்டத்தில் வந்தே தீரும். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்கள் பலருக்கு உடனே தோன்றும் மருந்து, தரும் புள்ளிகளை எல்லாம் இரட்டிப்பாக்குவது. ஆனால் இந்த அட்டவணை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. எங்கே தயங்குகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே தள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வரிகள் 1 முதல் 3: 0; 300; 900

பொருள்: 300 புள்ளியில் இரண்டாம் லெவல், 900 புள்ளியில் மூன்றாம் லெவல்.

விளக்கம்: ஒரு குழு ஒரு நாளில் எவ்வளவு சண்டையைத் தாங்கும் என்பதற்கு அதே பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேடு ஓர் அளவு தருகிறது. முதல் லெவலில் ஆளுக்கு 300, இரண்டாம் லெவலில் 600. ஆக, கதைக்குள் ஒரு நாள் கழிந்தால் ஒரு லெவல். காப்ளின் என்னும் குட்டி அரக்கன் ஒன்றுக்கு 50 புள்ளி, அதைக் குழு பங்கிட்டுக்கொள்ளும். நான்கு பேர் கொண்ட குழு 24 காப்ளின்களை வீழ்த்தினால் எல்லாரும் இரண்டாம் லெவல். இந்தக் கட்டத்தில் ஒரே வெட்டில் மந்திரவாதி சரிந்துவிடலாம் என்பதால், இங்கே நீண்ட நாள் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. அட்டவணையே விரைகிறது, நாமும் சேர்ந்து விரட்டினால் புதியவர்கள் கையிலிருக்கும் மந்திரத்தை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காமல் அடுத்த லெவலில் நிற்பார்கள். இந்த மூன்று வரியையும் தொடாமல் விடுவதே நல்லது.

வரிகள் 4, 5: 2,700, 6,500

பொருள்: மூன்றிலிருந்து நான்குக்கு 1,800, நான்கிலிருந்து ஐந்துக்கு 3,800.

விளக்கம்: முதல் தடை இங்கே விழுகிறது. நான்காம் லெவலின் ஒரு நாள் அளவு 1,700 என்பதால் ஐந்தை எட்ட இரண்டு நாளுக்கும் மேல் ஆகும். ஆனாலும் புகார் எழுவதில்லை, காத்திருப்பதற்குத் தக்க பரிசு இருக்கிறது. போர்வீரனுக்கு ஒரே முறையில் இரண்டு வெட்டு, மந்திரவாதிக்குத் தீப்பந்து.

வரிகள் 6 முதல் 11: 14,000, 23,000, 34,000, 48,000, 64,000, 85,000

பொருள்: ஒவ்வொரு படிக்கும் முறையே 7,500, 9,000, 11,000, 14,000, 16,000, 21,000.

விளக்கம்: எல்லா முணுமுணுப்பும் பிறக்கும் இடம் இதுதான். எந்தப் படியை எடுத்தாலும் அதன் ஒரு நாள் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறது. கையேட்டின் கணக்கில் ஒரு நாள் என்பது ஆறு முதல் எட்டுச் சண்டை. ஒரு மாலையில் இரண்டோ மூன்றோ சண்டைதான் முடியும் என்றால், ஒரு லெவலுக்கு ஐந்து முதல் எட்டு அமர்வு ஆகிவிடும். சூழ்ச்சியும் பேரமும் நிறைந்த கதை என்றால் இன்னும் இழுக்கும். முழுதாக வளர்ந்த சிவப்பு டிராகன் ஒன்றுக்கு 18,000 புள்ளி. நால்வர் பங்கிட்டால் ஆளுக்கு 4,500. பத்திலிருந்து பதினொன்றுக்கு ஏற அப்படி ஐந்து டிராகன் வேண்டும்!

இவ்வளவு இறுக்கம் ஏன்? நாயகர்களுக்கு வலிமையும் இருந்து ஆபத்தும் மிஞ்சியிருக்கும் கட்டம் இது. ஆட்டம் சுவைக்கிற இடத்தில் அட்டவணை நடையைத் தளர்த்துகிறது. மாதம் இருமுறை கூடவே திண்டாடும் குழுவுக்கு அந்தத் தளர்வு தேக்கமாகிவிடுகிறது. மருந்து தேவைப்படுவது இந்த ஆறு வரிக்குத்தான்.

வரி 12: 1,00,000

பொருள்: பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு 15,000.

விளக்கம்: முந்தைய படிக்கு 21,000; இதற்கு 15,000. படியின் விலை இறங்குவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். இதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றரை நாளுக்கு ஒரு லெவல்; எங்கும் இரண்டு நாளை எட்டுவதில்லை. ஆனால் மேசையில் கடிகாரம் எதிர்த்திசையில் ஓடும். ஆளுக்கு ஆள் மந்திரங்களும் தந்திரங்களும் பெருகி, ஒரே சண்டை ஒரு மாலையை விழுங்கிவிடும். கதைக்குள் வேகம், நம் நேரத்தில் தாமதம். ஆகவே இங்கே புள்ளியைக் கூட்டுவதைவிடச் சண்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிதாக்குவது பலன் தரும்.

வரி 20: 3,55,000

பொருள்: இதுவே உச்சி.

விளக்கம்: ஒரு நாள் அளவுகளை வரிசையாக வகுத்துக் கூட்டினால், அடியிலிருந்து உச்சிக்குக் கதைக்குள் குறைந்தது 33 நாள். நேற்றுவரை காப்ளினுக்குப் பயந்தவர் ஒரு மாதத்தில் உலகையே புரட்டுகிறார்! ஆகவே கதைக்குள் அட்டவணை மெதுவானது என்று யாரும் சொல்ல முடியாது. மெதுவாக இருப்பது நாம் கூடும் மாலைகள். லெவலை விரைவுபடுத்தும் எந்த விதியும் அந்த மாலைகளைத்தான் அலகாகக் கொள்ள வேண்டும்.

பிற நூல்களோடு ஒப்பு

2009இல் வந்த பாத்ஃபைண்டர் மெது, நடு, விரைவு என மூன்று பத்தி வைத்தது. இரண்டாம் லெவலுக்கு முறையே 3,000, 2,000, 1,300. இருபதாம் லெவலுக்கு 53,50,000, 36,00,000, 24,00,000. விரைவுப் பத்தி தொடக்கத்திலும் முடிவிலும் நடுப் பத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அடிமுதல் உச்சிவரை ஒரே சீரான சுருக்கம். விரைய வேண்டாத இடத்திலும் விரைகிறது. 2019இன் இரண்டாம் பதிப்பு எல்லா லெவலுக்கும் 1,000 என்று வைத்து, விரைவு வேண்டுவோருக்கு 800 ஆக்கியது. தேர்ட்டீன்த் ஏஜ் (2013) வேறு வழியில் போயிற்று: அடுத்த லெவலின் பலன்களில் ஒன்றை அமர்வு முடிவில் தவணையாகக் கொடுத்துவிடும். ஆட்டக்காரர் ஏங்குவது எண்ணுக்கல்ல, கையில் புதிதாக ஒன்று வருவதற்குத்தான் என்பதைப் புரிந்துகொண்ட விதி இது.

உரையின் முடிபு

புள்ளியை விட்டுவிட்டு, இரண்டு மூன்று அமர்வுக்கு ஒரு லெவல் என்று ஏற்ற 2014இன் டன்ஜன் மாஸ்டர் கையேடே இடம் தருகிறது. ஐந்தாம் லெவல் முதல் அதைக் கைக்கொள்ளலாம். அமர்வை முடிவிலிருந்து எண்ணுங்கள். குழு இப்போது ஏழாம் லெவல் என்று வைத்துக்கொள்வோம். கதையின் இறுதிப் போர் பதினைந்தாம் லெவலுக்கு உரியது. கூடுவதற்கு 24 மாலை இருக்கிறது என்றால், எட்டு லெவலுக்கு மூன்று மூன்று மாலை. ஒரு மாலை புதிய திறனைப் பழக, ஒரு மாலை அதைக் காட்ட, ஒரு மாலை அதற்கும் எட்டாத பகையைச் சந்திக்க. இரண்டு மாலைக்குக் கீழே இறக்கினால் பழகும் மாலை காணாமல் போகும். பாத்திரத் தாளில் யாரும் பயன்படுத்தாத வரிகள்தான் மிஞ்சும்.