மண்பானையும் கிட்டாரும் கூடிப் பேசிய வரலாறு



தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி மேளம் கேட்காதவர் நம்மில் யார்? பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலும் கிள்ளான் பெருமாள் கோயிலிலும் சுவாமி புறப்பாட்டின்போது நாயனமும் தவிலும் ஒன்றை ஒன்று விடாமல் துரத்திக்கொண்டு போவதைக் கேட்டு நின்றிருப்போம். அங்கே யார் கையிலும் எழுதிய தாள் இருக்காது. அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். ஆனாலும் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து சேருவார்கள். இதற்கு நெருங்கிய கலை ஒன்றை அமெரிக்க நாட்டில் 'ஜாஸ்' என்கிறார்கள். அந்த ஜாஸும் நம்முடைய தாளக் கலையும் ஒரே மேடையில் கூடிய வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாஸ் பிறந்த இடம்

அமெரிக்காவின் தென்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் என்றொரு துறைமுக நகரம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அப்பகுதியின் கரும்பு, பருத்தித் தோட்டங்களில் உழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நகரின் காங்கோ சதுக்கத்தில் கூடிக் கொட்டு முழக்கி ஆடினார்கள். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்தத் தாளமும் தோட்டத்துப் பாட்டும் பேண்டு வாத்தியமும் கலந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் உருவாயிற்று. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-இல் வெளிவந்தது.

நம் முன்னோர் அடிமைகளாக வரவில்லை. ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்பு கங்காணி மூலமாகவும் மலாயாவுக்கு வந்தார்கள். இரண்டும் ஒன்றென்று சொல்லலாகாது. ஆயினும், பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்த சனங்கள் தங்கள் கொட்டை மட்டும் கைவிடவில்லை என்பதில் இரண்டு கதையும் ஒன்றுதான்.

சக்தி என்னும் குழு

ஜான் மெக்லாலின் இங்கிலாந்தில் பிறந்த புகழ்பெற்ற ஜாஸ் கிட்டார் கலைஞர். பேர் கிடைத்துவிட்டது, இனி எதற்குப் படிப்பு என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை கற்றார். அங்கேதான் வயலின் கலைஞர் எல். சங்கரின் நட்பும் கிடைத்தது. சங்கர் சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்.

இவ்விருவருடன் தபலா மேதை ஜாகிர் உசேனும், கடம் வாசிக்கும் விக்கு விநாயகராமும் சேர்ந்தனர். குழுவுக்கு 'சக்தி' என்று பெயர். தொடக்கத்தில் இராமநாதபுரம் இராகவனின் மிருதங்கமும் இருந்தது. 1975 ஜூலை 5-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியே அவர்களின் முதல் இசைத்தட்டாக 1976-இல் வெளியானது. அதில் மொத்தம் மூன்றே உருப்படிகள். ஒன்று மட்டும் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும்!

கடம் என்பது என்ன? மண்பானை. மானாமதுரைக் குயவர்கள் செய்யும் கடம் பெயர் பெற்றது. கச்சேரி மேடையில் அதற்கு உபபக்கவாத்தியம் என்ற இடம்தான். அந்தப் பானை, கிட்டாருக்கும் தபலாவுக்கும் சமமாக உட்கார்ந்து பேசியது. விநாயகராம் 1955-இலேயே தூத்துக்குடியில் மேடை ஏறியவர்; அதாவது, சக்தியில் சேரும்போது 20 ஆண்டுச் சாதகம் அவர் கையில் இருந்தது. பின்னாளில் 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் வாசித்து, அமெரிக்காவின் கிராமி விருதிலும் பங்கு பெற்றார்.

மனம்போல வாசிப்பதா?

பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். உண்மையில் அதன் அடியில் கணக்கு ஓடுகிறது. மாணவர்களே, கையால் தட்டிப் பாருங்கள். 16 மாத்திரை எடுத்துக்கொள்வோம். 'தகதிமி' 4 மாத்திரை. பிறகு 2 மாத்திரை சும்மா இருக்கவேண்டும். மறுபடி 4, மறுபடி 2 சும்மா, கடைசியாக 4. கூட்டினால் 4+2+4+2+4=16. அடுத்த அடி தாளத்தின் தொடக்கத்தில் 'டக்'கென்று விழும். மூன்று முறை சொல்லி முடிக்கும் இதற்குத் தீர்மானம் என்று பெயர்.

தனி ஆவர்த்தனத்தில் ஒருவர் ஒரு சொல்லைப் போடுவார். மற்றவர் பதில் சொல்வார். வரவர அந்தப் பகுதி குறுகும். முடிவில் எல்லாரும் சேர்ந்து கோர்வை வைப்பார்கள். ஜாஸிலும் ஆளுக்கு நான்கு தாளக்கட்டு என்று மாற்றி மாற்றி வாசிக்கும் வழக்கம் உண்டு. ஆகவே இரு சாராரும் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. பதில் சொல்லவேண்டுமானால் முதலில் காது கொடுத்துக் கேட்கவேண்டும். தான் மட்டும் அடித்துக்கொண்டே போகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் இந்த மேடைக்கு ஆகமாட்டான்.

நம்ம ஊரில்

இந்தக் காற்று நம் பக்கமும் வீசியது. 1970-களின் இறுதியில் கோலாலம்பூரின் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 'ஏஷியாபீட்' என்ற குழுவைத் தொடங்கி, ஜாஸோடு ஆசிய வாத்தியங்களைக் கலந்தார். சுவாமி சாந்தானந்தர் 1981-இல் தோற்றுவித்த டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ், பிரிக்பீல்ட்ஸில் நம் பிள்ளைகளுக்கு இசையும் நடனமும் கற்பித்து வருகிறது.

சக்தி குழு 1978 வாக்கில் கலைந்து, 1997-இல் மீண்டும் கூடியது. தந்தை விநாயகராமின் இடத்தில் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். 2023-இல் வந்த அவர்களின் இசைத்தொகுப்புக்கு 2024-இல் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சோற்றுத் தட்டிலும் மேசையிலும் தாளம் போட்டால், "சும்மா இருடா" என்று அதட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். கோயிலில் தவில் வாசிக்கும் பெரியவரிடமோ, ஒரு மிருதங்க வகுப்பிலோ கொண்டுபோய் விடுங்கள். தினம் அரை மணி நேரம் சாதகம் செய்யட்டும். கணக்குப் பாடமும் கூடவே வரும். பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் குணமும் வரும். பானையை வைத்தே உலகத்தோடு பேசிய இனம் நம் இனம் என்பதை மறவோம்.

வாழ்க நம் கலை! வளர்க நம் பள்ளி!