மிதிவண்டியும் அன்றாடப் பயணமும்: புதுக்கோட்டை மாவட்டப் பெண்களின் அனுபவத்தை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் மிதிவண்டியின் வரலாறு பெரும்பாலும் இறக்குமதி, உற்பத்தி, உடைமை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. நாள்தோறும் அதில் ஏறிச் சென்றவர்களின் பயணம் அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. 1991–1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்ற நிகழ்வை மையமாகக் கொண்டு, அன்றாடப் பயணத்தின் பயன்களையும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மிதிவண்டிப் பயணத்தைத் தீர்மானித்தது வண்டியின் உடைமை மட்டுமன்று, அதில் ஏறுவதற்கான சமூக இசைவும் ஆகும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி, அன்றாடப் பயணம், அறிவொளி இயக்கம், புதுக்கோட்டை, பெண்கள், சமூக இசைவு

முன்னுரை

ஒரு கருவி ஓர் ஊருக்குள் நுழைந்த நாளும், அது அவ்வூரில் வாழும் அனைவருக்கும் உரியதாகிய நாளும் ஒன்றல்ல. மிதிவண்டி இதற்குச் சிறந்த சான்று. இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் வடிவமைத்த ‘ரோவர்’ வண்டியும், 1888இல் ஜான் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரும் இன்றைய மிதிவண்டிக்கு அடிப்படையாயின. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் அது இந்தியாவின் நகரங்களை அடைந்தது. தொடக்கத்தில் ஐரோப்பியர், உயர் அலுவலர், வசதி படைத்தோர் ஆகியோரின் வாகனமாக இருந்து, பின்னர் எழுத்தர், அஞ்சல்காரர், காவலர், ஆலைத் தொழிலாளர், பால்காரர் என விரிந்தது. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னர், உள்நாட்டு உற்பத்தி தென்னிந்தியச் சந்தையில் வலுவாகக் காலூன்றியது.

இந்த விரிவாக்கத்தைக் காலனிய இந்தியாவின் ‘அன்றாடத் தொழில்நுட்பம்’ என்னும் கருத்தாக்கத்தின் வழியே டேவிட் ஆர்னால்ட் ஆராய்ந்துள்ளார். தையல் இயந்திரம், தட்டச்சுப் பொறி, அரிசி ஆலை ஆகியவற்றோடு மிதிவண்டியையும் வைத்துப் பார்க்கும் அவ்வாய்வு, பெரிய அணைகளையும் இருப்புப் பாதைகளையும் மட்டுமே தொழில்நுட்ப வரலாறாகக் கொள்ளும் போக்கை மாற்றியமைத்தது. எனினும் சிறு கருவியை வாங்கியவர் யார் என்பதற்கு அப்பால், அதை எந்தச் சாலையில், எந்த நேரத்தில், யாருடைய பார்வையின் கீழ் ஓட்டிச் சென்றனர் என்னும் வினா தமிழகச் சூழலில் தனித்து ஆராயத்தக்கது.

ஆவணங்களில் மிதிவண்டி

அரசு ஆவணங்கள் மிதிவண்டியை இரு வகைகளில் அறிந்துள்ளன. ஒன்று, வரிக்குரிய உடைமை. மற்றொன்று, குற்றத்துக்குரிய பொருள். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் மிதிவண்டியும் வரி விதிப்புக்குரிய ஊர்திகளுள் அடங்கியது. வரி செலுத்தியதற்கு அடையாளமாக உள்ளாட்சி அமைப்புகள் வழங்கிய உலோக வில்லையை வண்டியில் பொருத்தியிருக்க வேண்டும். வில்லை இல்லாமலும், இரவில் விளக்கு இல்லாமலும், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டும் செல்வோர் தண்டம் செலுத்த நேர்ந்தது. ‘டபுள்ஸ்’ என்னும் சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைபெற்றதற்கு இக்கட்டுப்பாடும் ஒரு காரணம் எனலாம்.

இத்தகைய பதிவுகளில் இடம்பெறுபவர் வண்டியின் உரிமையாளர் அல்லது விதியை மீறியவர். இருவரும் பெரும்பாலும் ஆண்களே. வாடகை சைக்கிள் கடையில் மணிக்கணக்கில் வண்டி எடுத்தோர், கணவரின் வண்டியில் பின்னிருக்கையில் அமர்ந்து சென்ற பெண்கள், வண்டி இல்லாமையால் நடந்தே சென்றோர் ஆகியோர் இப்பதிவுகளுக்குள் வருவதில்லை. எனவே வரிப் பதிவேட்டை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதப்படும் மிதிவண்டி வரலாறு, பயணத்தின் வரலாறாக அமைவதில்லை.

ஏறுவதற்கான இசைவு

வண்டியை உடைமையாகக் கொண்டிருந்தவர் அனைவரும் அதில் ஏறிச் செல்ல முடிந்தது என்றும் கூறுவதற்கில்லை. ஆதிக்கச் சாதியினர் வாழும் தெருக்களில் தலித் மக்கள் மிதிவண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு செல்ல வேண்டும் என்னும் கட்டுப்பாடு தமிழகக் கிராமங்கள் பலவற்றில் நிலவியது. தீண்டாமைக் கொடுமைகள் குறித்த கள ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்துள்ளன. விலை கொடுத்து வாங்கிய வண்டி, குறிப்பிட்ட சில நூறு அடித் தொலைவில் சுமையாக மாறியது. வண்டியில் அமர்வது என்பது உயரத்தில் அமர்வது. விரைந்து கடப்பது என்பது நின்று பணியாமல் கடப்பது. தடை விதித்தோர் இவ்விரண்டையும் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

பெண்களுக்கான தடை இதனின்று வேறுபட்டது. அது எழுதப்படாதது, பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லப்படாததும்கூட. சிறுவர்கள் தந்தையின் வண்டியை எடுத்து, நடுக்கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் ‘குரங்குப் பெடல்’ போட்டு ஓட்டக் கற்றனர். அது விளையாட்டாகவே கருதப்பட்டது. சிறுமியருக்கு அந்தக் கற்றல் பருவமே வாய்க்கவில்லை. வளர்ந்தபின் கற்பது ‘பொம்பளைக்கு எதற்கு’ என்னும் கேள்வியைச் சந்தித்தது. ஆகவே கிராமப்புறப் பெண் வண்டி ஓட்டாமைக்கு வறுமையை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. வண்டி இருந்த வீட்டிலும் அது ஆணின் வண்டியாகவே இருந்தது.

புதுக்கோட்டை: 1991–1992

1948 வரை தனி சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டை, 1974இல் தனி மாவட்டமாயிற்று. மழையையும் கண்மாய்களையும் நம்பிய வேளாண்மை, கல் குவாரிகள், செயற்கை மணிக்கல் பட்டை தீட்டுதல் ஆகியன இங்குள்ள மக்களின் வாழ்வாதாரங்கள். பெரும்பகுதி சமநிலமாக இருப்பது மிதிவண்டிக்கு ஏற்ற இயற்கைச் சூழல். ஆயினும் ஊர்கள் சிதறிக் கிடப்பதால் பேருந்துத் தடத்திலிருந்து சில கிலோமீட்டர் விலகியிருந்த குடியிருப்புகள் பல.

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்றது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த முன்மாதிரியைப் பின்பற்றிப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் முன்னெடுக்கப்பட்டது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களின் இடப்பெயர்வின்மை அவர்களின் தன்னம்பிக்கையைக் குறைக்கிறது என்று கருதி, மிதிவண்டிப் பயிற்சியை எழுத்தறிவுப் பணியின் உறுப்பாக்கினார். உட்புறச் சிற்றூர்களைச் சென்றடையப் பெண் தொண்டர்களுக்கு ஊர்தி தேவைப்பட்டது என்பது இதன் உடனடிக் காரணம். வண்டி வாங்குவதற்குப் பெண்களுக்குக் கடன் வழங்க வங்கிகள் தூண்டப்பட்டன. இயக்கத் தொண்டரான முத்து பாஸ்கரன் இயற்றிய மிதிவண்டிப் பாடல் பயிற்சிக் களங்களில் பரவியது.

இதழாளர் பி. சாய்நாத் இந்நிகழ்வை நேரில் கண்டு எழுதிய கட்டுரை 1996இல் வெளிவந்த அவரது நூலில் இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ ஒரு லட்சம் கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதாகவும், அவர்களுள் 70,000க்கும் மேற்பட்டோர் பொதுவெளியில் தம் திறனைக் காட்டியதாகவும் அவர் குறிப்பிடுகிறார். பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிக் கணக்கிட்டால், மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒரு பகுதிக்கும் மேற்பட்டோர் கற்றவராவர் என்பது அவர் தரும் மதிப்பீடு. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தனர். வேளாண் கூலிகள், குவாரித் தொழிலாளர், கிராமச் செவிலியர், பால்வாடி, அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவுப் பணியாளர், ஆசிரியர் எனப் பல நிலையினர் கற்றோருள் இருந்தனர்.

இவ்வெண்களின் வரலாற்று முக்கியத்துவம் அவற்றின் அளவில் மட்டும் அடங்கவில்லை. உரிமையாளரை எண்ணாமல் ஓட்டுநரை எண்ணிய அரிய தருணம் இது. எழுத்தறிவு இயக்கம் கற்றவர்களைக் கணக்கெடுக்கும் பழக்கம் உடையது. அப்பழக்கமே, வரிப் பதிவேடு காணாத பெண்களை ஆவணத்துக்குள் கொண்டுவந்தது.

நேரத்தின் கணக்கு

ஊர்வலத்தைக் காட்டிலும் நுட்பமான மாற்றம் அன்றாட நேரத்தில் நிகழ்ந்தது. ஆறு கிலோமீட்டர் தொலைவை நடந்து கடக்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலாகும். மிதிவண்டியில் அரை மணி நேரம் போதும். போக்கும் வரவும் சேர்ந்து ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் மீதமாகிறது. பேருந்தை நம்பிய பயணத்தில், ஏறிச் சென்ற நேரத்தை விடக் காத்திருந்த நேரமே பெரிது.

காய்கறி முதலிய விளைபொருள்களைச் சுற்று வட்டார ஊர்களில் விற்ற பெண்கள் முன்னர்த் தந்தை, கணவர், உடன்பிறந்தார், மகன் ஆகியோருள் ஒருவர் தம்மைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிடுவதை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் கவனிப்பதற்கும் தண்ணீர் கொண்டுவருவதற்கும் விரைந்து திரும்ப வேண்டியிருந்ததால், செல்லக்கூடிய ஊர்களின் எண்ணிக்கை குறுகியது. மிதிவண்டி இந்த எல்லையை விரித்தது. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக் கொணர்வதும், குழந்தையை உடன் அழைத்துச் செல்வதும், விற்பனையை முடித்துத் திரும்புவதும் ஒரே சுற்றில் இயன்றன.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் தகும். அலுவலகம் செல்லும் ஆணின் மிதிவண்டிப் பயணம் வீட்டிலிருந்து பணியிடத்துக்கும், பணியிடத்திலிருந்து வீட்டுக்கும் செல்லும் நேர்கோடு. பெண்ணின் பயணமோ ரேஷன் கடை, பள்ளி, வயல், சந்தை, கிணறு எனப் பல புள்ளிகளைத் தொட்டு மீளும் வளைகோடு. எனவே ‘பணிக்குச் செல்லும் பயணம்’ என்னும் வரையறை மட்டும் கொண்டு கணக்கெடுத்தால் இப்பயணங்களில் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேளாண் தொழிலும் வீட்டுத் தொழிலும் சாராத பிற தொழிலாளர்கள் பணிக்குச் செல்லும் முறையைப் பதிவு செய்தது. அவர்களுள் இந்திய அளவில் சுமார் 13 விழுக்காட்டினர் மிதிவண்டியைப் பயன்படுத்தினர். காய்கறிக் கூடையுடன் சென்ற வேளாண் குடிப் பெண்ணுக்கு அவ்வட்டவணையில் இடமில்லை.

இடர்ப்பாடுகள்

அன்றாடப் பயணம் எளிதாக அமைந்துவிடவில்லை. முதலாவது, வண்டியின் வடிவம். அக்காலத்தில் பரவலாகக் கிடைத்தது உயர்ந்த நடுக்கம்பியும் ஏறத்தாழ 20 கிலோ எடையும் கொண்ட ஆண்கள் வண்டி. புடவையுடனோ தாவணியுடனோ அதில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது கடினம். துணி சங்கிலியில் சிக்கும். பெண்களுக்கான வண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பெண்கள் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். நடுக்கம்பியில் குழந்தைக்கு இருக்கை பொருத்தலாம் என்பதால் அதையே விரும்பியோரும் இருந்தனர். தமக்கென வடிவமைக்கப்படாத கருவியைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டமை கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, சாலையும் பருவமும். செம்மண், சரளைப் பாதைகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறாகும். ஆடிக் காற்றில் எதிர்த்து மிதிப்பது உடலை வருத்தும். சீமைக் கருவேல முள் தைத்துப் பஞ்சரானால், ஒட்டுப் போடும் கடை அடுத்த ஊரில்தான் இருக்கும். அதுவரை வண்டியை உருட்டிக்கொண்டே செல்ல வேண்டும். சிறு பழுதுகளைத் தாமே நீக்கக் கற்காதவருக்கு வண்டியின் பயன் பாதியாகக் குறையும்.

மூன்றாவது, பார்வையும் பேச்சும். தொடக்கத்தில் ஓட்டிய பெண்கள் கேலியையும் இழிசொற்களையும் எதிர்கொண்டதைச் சாய்நாத் பதிவு செய்துள்ளார். ஒருத்தி தனியே ஓட்டினால் அது ஊரின் பேச்சாகிறது; நூறு பேர் ஓட்டினால் அது ஊரின் வழக்கமாகிறது. அறிவொளி இயக்கத்தின் ஒப்புதல், பெண்ணுக்கு ‘இது நான் மட்டும் செய்வதன்று’ என்னும் விடையை அளித்தது. தனிமனிதத் துணிவு செய்ய இயலாததைத் திரளான பங்கேற்பு செய்தது.

இயக்கத்துக்குப் பின்

1980இல் சந்தைக்கு வந்த டி.வி.எஸ். 50 முதலாக மொபெட்டுகளும், பின்னர் இருசக்கர மோட்டார் வாகனங்களும் பெருகப் பெருக, மிதிவண்டி படிப்படியாக மதிப்பிழந்தது. வீட்டில் மோட்டார் வாகனம் வாங்கப்பட்டபோது அது பெரும்பாலும் ஆணிடம் சென்றது. பழைய மிதிவண்டி மற்றவர்க்கு எஞ்சியது.

மிதிவண்டியை மீண்டும் பெண்களின் பயணத்தோடு இணைத்தது கல்விக் கொள்கை. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001–2002இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கப்பெற்றது. பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஊர்த்தெருவில் இறங்கித் தள்ள வேண்டியிருந்த சமூகத்தின் மகளிருக்கு அரசே முதலில் வண்டி வழங்கியமை, மேலே கண்ட வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

எனினும் இத்திட்டம் பற்றிய பொதுப் பேச்சு ‘எத்தனை வண்டிகள் வழங்கப்பட்டன’ என்பதிலேயே நின்றுவிடுகிறது. இது பழைய வரிப் பதிவேட்டின் பார்வையே. இதற்கு மாறாக, 2006இல் பீகாரில் தொடங்கிய மாணவியர் மிதிவண்டித் திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவை முதன்மை அளவுகோலாகக் கொண்டனர். மாணவியரின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததையும், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில் உயர்வு மிகுதியாக இருந்ததையும் அவர்கள் நிறுவினர். வண்டியை எண்ணாமல் பயணத்தை எண்ணும் முறைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

முடிவுரை

இவ்வாய்வின்வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மிதிவண்டியின் சமூக வரலாற்றை உடைமையின் வரலாறாக மட்டும் எழுதினால் பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் அதிலிருந்து மறைந்துவிடுவர். இரண்டாவதாக, புதுக்கோட்டை நிகழ்வில் வண்டி, கடன், பயிற்சி, பாடல், திரளான பங்கேற்பு ஆகியன ஒருங்கே அமைந்தமையால்தான் எழுதப்படாத தடை தளர்ந்தது. இவற்றுள் வண்டியை மட்டும் தனித்தெடுத்து வழங்கும் திட்டம் அதே விளைவைத் தரும் எனக் கொள்ள இயலாது. மூன்றாவதாக, பெண்களின் பயணம் பல புள்ளிகளைத் தொட்டு மீள்வதால், அதனை அளக்கும் அட்டவணைகளும் மாற வேண்டும்.

1991இல் மிதிவண்டி கற்ற பெண்களுள் அன்று இருபது வயதினராக இருந்தோர் இன்று ஐம்பது வயதைக் கடந்துள்ளனர். அவர்கள் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து ஓட்டினர், எப்போது நிறுத்தினர், தம் மகளிருக்குக் கற்பித்தனரா என்பனவற்றை வாய்மொழி வரலாறாகத் தொகுக்கும் காலம் குறுகி வருகிறது. மாவட்டத்தின் பதின்மூன்று ஒன்றியங்களையும் களமாகக் கொண்டு அப்பணியை மேற்கொள்வது, வரிப் பதிவேடுகள் தரவியலாத ஒரு வரலாற்றை அதற்குரியவர்களின் சொற்களிலேயே பெற உதவும்.